டிகிரி ஐயாவின் படம் போகும் நேரங்கள்

உலகத்தில் தொலைக்காட்சி வாங்கியவர்கள் எல்லாரும் படம் பார்க்க வாங்கினார்கள். படம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் வாங்கிய மனிதர் ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு மாடிவீட்டில் அவர் இருந்தார். ஊர் அவரை ‘டிகிரி ஐயா’ என்றது.

ஏதோ பட்டம் பெற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். நில அளவைக் கந்தோரில் படம் கீறி ஓய்வுபெற்றவர். வானத்திலிருந்து ரீவிக்குப் படம் அனுப்புகிற எந்தச் செய்மதி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். “சுகமா இருக்கிறியளோ ஐயா?” என்று யாராவது கேட்டால், “நூற்றைஞ்சில நல்ல சுகம். எழுபத்தாறிலதான் கொஞ்சம் இழுக்குது” என்பார். ஒருமுறை மூதூரிலிருந்து ஒரு தகப்பன், மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பித் தருவதற்கு ‘டிகிரி உள்ள ஐயா’ வீட்டை விசாரித்து வந்தார். ஒரு மணித்தியாலம் இருந்து செய்மதிகளின் வரிசையை முழுக்கக் கேட்டார். நிரப்பாத விண்ணப்பத்தோடு கடைசி வள்ளத்துக்கு ஓடினார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கந்தோர் வேலையில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு மாற்றம் வந்தது. கலியாணமாகாத பெண்பிள்ளை, யுத்தகாலம், துறைமுகப் பட்டினம். என் அம்மா அழுது, விசாரித்து, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்துத் தந்த பாதுகாப்பான இடம்தான் டிகிரி ஐயா வீட்டு மேல்மாடி அறை. அந்த வீட்டின் கூரைத்தட்டில், என் கட்டிலுக்கு நேர்மேலே, எட்டடி விட்டத்தில் ஒரு டிஷ் இருக்கிறது என்பதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

சாதாரண டிஷ் என்றால் பேசாமல் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இது மோட்டர் பூட்டிய டிஷ். கீழே ஐயா பொத்தானை அமத்தினால் மேலே ஒரு இரும்புக் கை நீண்டு டிஷ்ஷைக் கிழக்கே தள்ளும். மற்றப் பொத்தானை அமத்தினால் மேற்கே இழுக்கும். நான் வந்த முதல் நாள் பின்னேரம் தலைக்கு மேலே ‘கர்ர்ர்ர்’ என்று ஏதோ நகர்ந்தது. அந்த நாட்களில் தலைக்கு மேலே கேட்கிற எந்தச் சத்தத்துக்கும் நாங்கள் செய்வது ஒன்றுதான். நிலத்தில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். அன்ரி, அதாவது ஐயாவின் மனைவி, படியேறி வந்து பார்த்தார்.

“எழும்பும் பிள்ளை. பயப்பிட ஒண்டுமில்லை. இவர் மேற்கால போறார்.”

படம் தெளிவாக வந்ததும் ஐயாவுக்கு அந்தச் செய்மதியில் இருந்த ஆர்வம் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கிரிக்கெட் பார்க்க வருவார்கள். கடைசி ஓவர், ஆறு பந்துக்கு ஒன்பது ஓட்டம். ஐயா எழும்பி, “சரி, இதில குறை ஒண்டும் இல்லை” என்று பொத்தானை அமத்துவார். மேலே ‘கர்ர்ர்ர்’. வீரர்கள் கோடுகோடாகக் கரைந்து, ஏதோ ஒரு தேசத்துப் பெண் கோதுமை விவசாயம் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பாள். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய மூக்கின் ஓரம் கூராகத் தெரிகிறதா என்று பார்ப்பார். வந்தவர்கள் அழாத குறையாக எழும்பிப் போவார்கள். “இந்த மனிசன் சொர்க்கத்துக்குப் போனாலும் கதவு எத்தினை டிகிரியில நிக்குது எண்டுதான் பாக்கும்” என்பார் அன்ரி.

காற்றடித்து டிஷ் அசைந்துவிட்டால் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஐயா கூரைத்தட்டில் ஸ்பானரோடு நிற்பார். நான் கீழே ரீவிக்கு முன்னால். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காணமுடியாது. ஆகவே கத்த வேண்டும்.

“வந்திட்டுதோ?”

“இன்னும் வரேல்லை!”

“இப்ப?”

“கிட்ட வந்திட்டுது! கிட்ட வந்திட்டுது!”

“அடிக்குதோ?”

“ஓம், நல்லா அடிக்குது!”

சிக்னல் காட்டும் மீற்றரில் முள் அடிக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் வீதியால் போகிறவர்களுக்கு அது தெரியுமா? எங்கள் ஒழுங்கையில் முதலில் யன்னல்கள் சாத்தப்படும், பிறகு கதவுகள். ஒருநாள் சந்திக் கடைக்காரர் பாதி இழுத்த ஷட்டரோடு நின்று, “எங்கயாம் வந்திட்டுது?” என்று என்னிடமே கேட்டார்.

அதைவிட மோசம் மழைக்காலம். செய்மதிகள் எங்களூருக்குக் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் டிஷ் ஒரு பெரிய கிண்ணம் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடியில் தண்ணீர் போக ஒரு ஓட்டை உண்டு. அதை மாவிலை அடைத்திருந்த ஒருநாள், கீழே ஒழுங்கையில் ரோந்து போன இரண்டு கடற்படைச் சிப்பாய்களின் தலையில் டிஷ் ஒரு மழையை முழுதாகக் கவிழ்த்தது. இரண்டு துவக்குகளும் எங்கள் கூரையைப் பார்த்து நிமிர்ந்தன. ஐயா பொத்தானை விட்டுப் படியேறி வந்து, கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, அமைதியாக, ஆங்கிலத்தில், “மன்னிக்கவேண்டும், நான் கிழக்கே போய்க்கொண்டிருந்தேன்” என்றார். சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டிஷ் வைக்க அனுமதித்த பொலிஸ் துண்டை ஐயா சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அதை ஈரக் கையால் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நான் கந்தோருக்குப் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் படம் போகத் தொடங்கியது.

காற்றும் இல்லை, மழையும் இல்லை. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், படம் பட்டென்று போகும். ஐந்து நிமிடம் திரையில் வெறும் புழுதி பறக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கும். ஐயாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து பட்டினத்தில் ரேடியோக் கடை வைத்திருந்த, எல்லாரும் ‘நானா’ என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணரைக் கூப்பிட்டார். டிஷ்ஷை விற்றவர் அவர்தான். நானா ஏணியில் பாதி ஏறி, துறைமுகப் பக்கத்துக் கடற்படைச் சென்றியில் காவல் நின்ற ஒருவன் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, அங்கேயே நின்றுகொண்டார்.

“உப்புக் காத்து சேர். கேபிள் மூட்டு கறள் பிடிச்சிருக்கும். அத மாத்துங்க.”

“மாத்திட்டன்.”

“அப்ப நடுவில இருக்கிற தலையை மாத்துங்க.”

“அதையும் மாத்திட்டன்.”

“அப்ப அல்லாதான் சேர் காரணம். நான் இறங்கட்டா?”

ஒவ்வொரு முறையும் ஐயா நாலைந்து நிமிடம் பொத்தான்களை அமத்திப் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து, “பிள்ளை! படம் போட்டுது! போயிட்டுது! ஓடி வாரும்!” என்று அலறுவார். நான் மேல் அறையிலிருந்து விழுந்தடித்து இறங்கி வருவேன். நான் வந்து நிற்பதற்கும் படம் வருவதற்கும் சரியாக இருக்கும். “பாத்தியோ, இந்தப் பிள்ளையின்ர கைராசி” என்று அன்ரியிடம் சொல்லுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கொப்பியைக் காட்டினார். முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு வெளிச்சம்.

“கண்டுபிடிச்சிட்டன் பிள்ளை. பிழை எங்கட பக்கம் இல்லை. கடலில. கப்பல் றேடாரைப் போடேக்க அந்த அலை வந்து எங்கட சிக்னலை அமத்துது. ஒரு மாசமா எழுதி வச்சிருக்கிறன், பாரும்.”

பார்த்தேன். அழகான படவரைஞர் எழுத்து. சிவப்பு மையில் கோடு கீறிய கட்டங்கள். முதல் கட்டத்தில் திகதி. இரண்டாவதில் படம் போன நேரம். மூன்றாவதில் வந்த நேரம். நான்காவது கட்டத்தில், படம் வந்த கையோடு கூரைத்தட்டில் ஏறிப் பார்த்தபோது துறைமுகத்தில் எத்தனை கப்பல், எந்தப் பக்கம் முகம், எத்தனை டிகிரி.

யுத்தகாலத்துத் திருகோணமலையில், கடற்படை முகாமைப் பார்த்த ஒரு வீட்டில், தமிழர் ஒருவர், துறைமுகத்துக் கப்பல்களை ஒரு மாதமாக நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். கோண அளவுகளோடு.

“ஐயா, இதை இப்பவே எரியுங்கோ.”

“விசரோ உமக்கு? இது அத்தாட்சி.”

“என்னத்துக்கு அத்தாட்சி?”

“முறைப்பாட்டுக்கு.”

அன்ரி குசினியிலிருந்து வந்தார். விசயம் விளங்கியதும் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். அந்த ஒழுங்கையில் இரண்டு வீடுகளில், ‘ஒரு விசாரணை’ என்று போன ஆம்பிளைகள் திரும்பி வரவில்லை. ஐயாவுக்கும் அது தெரியும். ஆனால் அவருடைய தலையில் அது ஒரு அலுமாரியில் இருந்தது, சிக்னல் இன்னொரு அலுமாரியில் இருந்தது. இரண்டையும் அவர் ஒன்றாகத் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கெஞ்சினோம். கொப்பியை அன்ரி அரிசி வாளிக்குள் ஒளித்தார். ஐயா கண்டுபிடித்து, அரிசியைத் தட்டிவிட்டு எடுத்தார்.

திங்கள் காலை நான் கந்தோருக்கு வெளிக்கிட்டு வரும்போது அன்ரி வாசலில் தலைமயிர் அவிழ்ந்தபடி நின்றார். “பிள்ளை, போட்டார்! கொப்பியோட முகாமுக்குப் போட்டார்!”

ஓடினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் நான் ஓடியதைப் பார்த்த சனங்கள் என்ன நினைத்திருக்கும் என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. முகாம் வாசலை நான் கண்டபோது ஐயா அங்கே நின்றார். வெள்ளை வேட்டி, கொலரில்லாத வெள்ளை நாஷனல் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் கொப்பி. சென்றிக்காரனிடம் நான்காவது கட்டத்தை விரலால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நான் “ஐயா!” என்று கத்தியதும் திரும்பி, பயப்படாதே என்று கையைக் காட்டினார். பிறகு வாசல் திறந்தது. உள்ளே போனார். வாசல் சாத்தப்பட்டது.

அன்றைய பகலையும் இரவையும் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. வாசலில் போய் நின்றோம், போகச் சொன்னார்கள். வந்தோம். ஊரடங்கு வந்தது. விடிந்தது.

அன்ரி முதல்நாள் காலையிலிருந்து ஒன்றும் வாயில் வைக்கவில்லை. ரீவிக்கு முன்னால் ஐயாவின் கதிரையில் இருந்தார். ரீவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. “அவர் வந்து பாக்கேக்க படம் நிக்கவேணும்” என்றார். நான் மேலே போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி வைத்தேன்.

மேலே தேத்தண்ணி வைப்பது அந்த வீட்டில் சட்டவிரோதம். பழைய வயரிங் என்பதால் அறையில் மின்சாரத்தில் ஒன்றும் சூடாக்கக்கூடாது என்று அன்ரி முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் என்னிடம் தண்ணீருக்குள் போடுகிற ஒரு ஹீற்றர் கம்பி இருந்தது. தலைகாணிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்து, காலையில் கந்தோருக்கு முன், பின்னேரம் கந்தோருக்குப் பின், தினமும் இரண்டு தரம் கள்ளமாகத் தண்ணீர் கொதிக்கவைப்பேன். அன்று காலையும் செருகினேன்.

கீழேயிருந்து அன்ரியின் குரல், ஐயாவின் குரலை விடப் பயங்கரமாக வந்தது.

“பிள்ளை! படம் போட்டுது! அவர் இல்லாத நேரம் படமும் போட்டுது!”

வழக்கம்போலக் கம்பியைப் பிடுங்கிவிட்டு இறங்கி ஓடினேன். படம் வந்து நின்றது. அன்ரி கண்ணைத் துடைத்தார். நான் திரையைப் பார்த்தேன். படியைப் பார்த்தேன். மெதுவாக மேலே போய்க் கம்பியைச் செருகினேன்.

“போட்டுது!”

பிடுங்கினேன்.

“வந்திட்டுது!”

அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். அந்தக் கம்பி இழுக்கிற இழுவையில் வீட்டு மின்சாரம் தொய்ந்து, கீழே ரீவிக்குப் படம் கொடுக்கிற றிசீவர் கண்ணை மூடியிருக்கிறது. கப்பலும் இல்லை, றேடாரும் இல்லை. அந்த மனிதர் ஒரு மாதமாகச் சிவப்பு மையில் எழுதி, உயிரைக் கொடுக்க எடுத்துக்கொண்டு போனது, நான் தேத்தண்ணி குடித்த நேரங்களை.

அன்ரியிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். “அந்தக் கம்பியை எடும். போவம்.”

கம்பியை எடுத்தேன், பேப்பரில் சுற்றினேன். அதாவது, சுருட்டிய இரும்புக் கம்பியையும் வயரையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு, முகாம் வாசலுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் அது எப்படித் தெரியும் என்று உறைத்தது. சென்றிக்காரன் துவக்கை நீட்டினான். “கீழ வை!” வைத்தேன். மூன்று பேர் வந்து தூர நின்று பார்த்தார்கள். ஒருவன் ஒரு நீளத் தடியால் பேப்பரை விரித்தான். ஹீற்றர் கம்பி வெளியே வந்தது. மூன்று பேரும் அதையும் என்னையும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவனிடம் இதே போன்ற கம்பி இருந்திருக்க வேண்டும். முதலில் சிரித்தவன் அவன்தான்.

உள்ளே ஒரு அதிகாரி. மேசையில் ஐயாவின் கொப்பி. உடைந்த தமிழில் கேட்டார்.

“மிஸ், இதில எழுதின நேரம் ஒண்டும் கப்பலுக்குச் சரி இல்ல. நாங்க எல்லாம் பாத்தது. அப்ப இது வேற கோட். என்ன கோட்?”

“அது நான் தேத்தண்ணி வைக்கிற நேரம், சேர்.”

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

சொன்னேன். அழுது அழுது சொன்னேன். அவர் கொப்பியைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். “இந்த ரெண்டு நாள் ஒண்டும் எழுதேல்ல. ஏன்?” நான் எட்டிப் பார்த்தேன். “அது நான் மட்டக்களப்புக்குப் போன நாள். அம்மாவுக்குச் சுகமில்லை.” கைப்பையில் கிடந்த பஸ் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நான் கைப்பையை ஒருநாளும் துப்புரவாக்குவதில்லை. அந்தக் கெட்ட பழக்கத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் நம்பவில்லை. பரிசோதித்துப் பார்க்க இரண்டு சிப்பாய்களோடு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். ஒருவன் கீழே ரீவிக்கு முன்னால். மற்றவன் என்னோடு மேலே, கம்பிக்குக் காவல். நான் செருகினேன்.

“கியா!” என்று கீழேயிருந்து சிங்களத்தில் குரல் வந்தது. போய்விட்டதாம்.

பிடுங்கினேன்.

“ஆவா!” வந்துவிட்டதாம்.

செருகினேன். “கியா!” பிடுங்கினேன். “ஆவா!” மேலே நின்றவனுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. என்னை விலக்கிவிட்டுத் தானே செருகிப் பிடுங்கத் தொடங்கினான். “கியா!” “ஆவா!” “கியா!” “ஆவா!” ஓர்ஸ் ஹில் முழுக்க யன்னல்கள் சாத்தப்பட்டன.

பின்னேரம் ஐயா நடந்து வந்தார். வேட்டி அழுக்கு. திருநீறு இல்லை. கொப்பியும் இல்லை. அன்ரி அவருடைய கையை, முதுகை, தோளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவர் கதிரையில் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்காமல் வாசல் கதவைப் பூட்டச் சொன்னார். அப்போதுதான், எல்லா அலுமாரிகளும் அவருக்குள் ஒன்றாகத் திறந்துவிட்டன என்று விளங்கியது.

நான் காலில் விழாத குறை. “ஐயா, என்ர ஹீற்றராலதான்... மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

ரீவியையும் மேல்மாடிப் படியையும் பார்த்தார். பிறகு, “எத்தினை வோட்ஸ்?” என்றார்.

“ஆயிரம் ஐயா.”

“ஆயிரமோ...” கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “உம்மில பிழையில்லை பிள்ளை. முதலில வீட்டுக்குள்ள பாத்திருக்கவேணும். நான் கடலைப் பாத்தனான்.” என் பக்கம் திரும்பி, “நீர் என்னெண்டு அந்தக் கேற்றுக்குள்ள வந்தனீர்?” என்று கேட்டார்.

“பயந்து பயந்துதான் ஐயா.”

“ஓம்,” என்றார். “நானும் உள்ள பயந்துதான் இருந்தனான்.”

ஒரு கிழமை டிஷ் அசையவில்லை. அந்த ஒரு கிழமையும் என் தலைக்கு மேலே இருந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. எட்டாம் நாள் பின்னேரம் ‘கர்ர்ர்ர்’ என்று கேட்டபோது நானும் அன்ரியும் படியில் சந்தித்துச் சிரித்துக்கொண்டோம்.

அன்ரி, “இனி மேல ஒண்டும் வைக்கவேண்டாம் பிள்ளை, நான் குசினியில போட்டுத்தாறன்” என்று சொன்னபோது ஐயா இடையில் வந்தார். “விடும். வேலைக்குப் போற பிள்ளை, தன்ர நேரத்துக்குக் குடிக்கட்டும். அஞ்சு நிமிசம் படம் இல்லாட்டி என்ன?” அவரைத் தெரிந்தவர்களுக்கு இந்த வசனத்தின் பாரம் விளங்கும். என்னிடம் நேரத்தைக் கேட்டார். காலை ஆறு நாற்பது, பின்னேரம் ஐந்தே முக்கால் என்றேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு நேரமும் அவரே றிசீவரை நிறுத்திவிட்டு, “வையும் பிள்ளை!” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்குத் திரும்பினேன். சில மாதங்களில் அன்ரியிடமிருந்து கடிதம் வந்தது. நானா சுகம், கடைக்காரர் சுகம், கூரை ஒழுகுகிறது. கடைசியில் இரண்டு வரி. “இப்பவும் காலமை ஆறு நாப்பதுக்கு ரீவியை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா இருக்கிறார். ஏனப்பா எண்டு கேட்டால், பிள்ளை தேத்தண்ணி வைக்கிற நேரம் எண்டுறார்.”

மேலறையில் அப்போது யாருமே இல்லை.